தன் இறகைத் தானே பிடுங்கும் பறவை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை, நேயர்களின் கேள்வி பதில்களுடன் இங்கே எழுத்து வடிவம் பெறுகிறது.)



செல்லப்பிராணி என்றதும் நம்மவர்களுக்கு நாயும் பூனையும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் இன்று தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் பறவை வளர்ப்போர் தொகை குறைவன்று. நாய் வளர்க்க இடம் இல்லை, பூனை முடி ஒத்துக்கொள்ளவில்லை என்பவர்கள் ஒரு சிறு கூண்டையும் ஒரு கொண்டைக் கிளியையும் வாங்கி வருகிறார்கள். அப்படி வாங்கப்படும் பறவைகளில் முக்கியமானது காக்கட்டீல். சாம்பல் நிற உடல், மஞ்சள் முகம், கன்னத்தில் பொட்டு வைத்தாற்போல் ஆரஞ்சு வட்டம், தலையில் நிமிர்ந்து நிற்கும் கொண்டை. பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.

இந்தப் பறவையைப் பற்றிக் கிள்ளானிலிருந்து ஒரு நேயர் எழுதியுள்ள கடிதம்தான் இன்றைய தலைப்பு. அவர் எழுதியதன் சுருக்கம் இது:

“என் பெரியம்மா நான்கு ஆண்டுகளாக ஒரு காக்கட்டீல் வளர்க்கிறார். பெரியப்பா காலமான பிறகு, தனிமை தெரியக்கூடாது என்று அண்ணன் வாங்கிக் கொடுத்தது. அண்ணன் இப்போது வேலை மாற்றலாகி ஜொகூருக்குப் போய்விட்டார். இரண்டு மாதமாகப் பறவை தன் இறகைத் தானே பிடுங்கிப் போடுகிறது. நெஞ்சிலும் இறக்கைக்கு அடியிலும் தோல் தெரிகிறது. தலையில் மட்டும் இறகு அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டார் பேன் என்றார்கள். பெரியம்மா கடையில் பேன் மருந்து வாங்கித் தெளித்தார், பலன் இல்லை. ‘எல்லாம் பிடிவாதம்’ என்று அலகில் தட்டுகிறார். மருத்துவரிடம் போகலாம் என்று நான் சொன்னால், ‘பிள்ளை மாதிரி வளர்க்கிறேன், என்னையே குறை சொல்கிறாயா?’ என்று கண் கலங்குகிறார். நான் என்ன செய்வது?”

இக்கடிதத்தில் இரண்டு கேள்விகள் உள்ளன. பறவைக்கு என்ன ஆயிற்று என்பது ஒன்று. பெரியம்மாவிடம் எப்படிப் பேசுவது என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் தெரியாவிட்டால், முதலாவதற்குப் பதில் தெரிந்தும் பயன் இல்லை. ஆகவே இரண்டையும் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இறகு பிடுங்குவது நோயின் பெயரன்று, அது ஓர் அறிகுறி. நமக்குக் காய்ச்சல் வருவது போலத்தான். காய்ச்சலுக்குக் காரணம் டிங்கியாக இருக்கலாம், சளியாக இருக்கலாம், பல்வலியாகவும் இருக்கலாம். காரணத்தைத் தேடாமல் காய்ச்சலைத் திட்டிப் பயன் உண்டா? பறவைக்கும் அதே கணக்குதான்.

கூட்டமாக வாழப் பிறந்தது

காக்கட்டீலின் சொந்த நாடு ஆஸ்திரேலியா. அங்கே மழை குறைந்த, வறண்ட உள்நாட்டுப் பகுதிகளில் கூட்டம் கூட்டமாக வாழ்கிறது. தண்ணீரும் புல் விதையும் கிடைக்கும் இடம் தேடி ஊர் ஊராகப் பறந்துகொண்டே இருக்கும். காக்கட்டூ குடும்பத்தில் மிகச் சிறியது இதுதான். வால் நுனி வரை அளந்தாலும் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர், எடை 80 முதல் 100 கிராம் வரை. நன்றாகப் பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வரை உயிர் வாழும்.

இவ்விவரங்களை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. காட்டில் இப்பறவை ஒரு நாளின் பெரும்பகுதியை உணவு தேடுவதிலேயே கழிக்கிறது. கண் விழிப்பது முதல் கண் மூடுவது வரை பக்கத்தில் துணை இருக்கும். துணை கண்ணுக்கு மறைந்தால் குரல் கொடுக்கும். அங்கிருந்து பதில் வந்தால் அமைதியாகும். நீங்கள் சமையலறைக்குப் போனதும் உங்கள் பறவை கத்துகிறதே, அது அடம் பிடிப்பதன்று. “நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?” என்று கேட்கிறது.

இப்படிப்பட்ட பறவைக்கு நம் வீட்டில் என்ன கிடைக்கிறது? ஒரு கூண்டு, ஒரு கிண்ணம் நிறைய விதை, ஒரு கண்ணாடி. உணவு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சமுள்ள பொழுதுக்கு அதற்கு என்ன வேலை? சிந்தித்துப் பாருங்கள்.

உதிர்கிறதா, பிடுங்குகிறதா?

கூண்டின் அடியில் இறகு கிடப்பதைக் கண்டவுடன் பதற வேண்டாம். எல்லாப் பறவைகளும் பழைய இறகை உதிர்த்துப் புதியதை வளர்க்கும். இது இயற்கை. இறகு உதிரும் காலத்தில் உடலின் இரு பக்கமும் ஒரே அளவாக உதிரும். உதிர்ந்த இடத்தில் முள் போலப் புதிய குருத்து இறகு தெரியும். தோல் மொட்டையாகத் தெரியாது.

பிடுங்கும் பறவை அப்படியன்று. ஓர் இடத்தில் தோல் வெளிப்படையாகத் தெரியும். இறகுகள் கடிபட்டு, நுனி கிழிந்து, தண்டு முறிந்து கிடக்கும். சில சமயம் குருத்து இறகின் அடியில் இரத்தம் இருக்கும்.

தலையைப் பாருங்கள். பறவையின் அலகு அதன் தலைக்கு எட்டாது. ஆகவே உடல் மொட்டையாகி, தலையில் மட்டும் இறகு முழுமையாக இருந்தால், பறவை தானே பிடுங்குகிறது என்று பொருள். தலையிலும் இறகு போயிருந்தால், கூண்டில் உள்ள மற்றொரு பறவை பிடுங்கலாம், அல்லது இறகையே தாக்கும் நோய் இருக்கலாம். கிள்ளான் நேயர் “தலையில் மட்டும் இறகு அப்படியே இருக்கிறது” என்று கவனித்து எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரி மருத்துவருக்குப் பெரிய உதவி.

உடல் காரணங்கள் முதலில்

“பறவைக்கு மனக்கவலை, அதனால்தான் பிடுங்குகிறது” என்று பலர் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் கடைசியில் வர வேண்டிய முடிவு அது. உடலில் நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே மனத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

காக்கட்டீலுக்கு வரும் நோய்களில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஜியார்டியா. இது குடலில் வாழும், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. இது தொற்றிய காக்கட்டீல்களில் சில, இறக்கைக்கு அடியிலும் தொடையின் உட்பக்கத்திலும் வெறி பிடித்தாற்போல் இறகைப் பிடுங்கும், பிடுங்கும்போது கிறீச்சிட்டுக் கத்தும். நோய் இருப்பது குடலில், தெரிவதோ தோலில். புதிதாக இட்ட எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ஒரு முறை பார்த்து இல்லை என்றால் போதாது, மீண்டும் பார்க்க வேண்டி வரலாம். கண்டுபிடித்துவிட்டால் மருத்துவர் தரும் மருந்து உண்டு.

அடுத்து, தோலில் கிருமித் தொற்று, கல்லீரல் கோளாறு, கூண்டுக் கம்பியின் பூச்சைக் கடிப்பதால் உடலில் சேரும் துத்தநாக நஞ்சு, ஈய நஞ்சு ஆகியவையும் காரணமாகலாம். பெண் பறவைக்கு முட்டையிடும் காலத்தில் ஏற்படும் வலியும் காரணமாகலாம். பறக்காமல் இருக்க இறக்கையை வெட்டுகிறோமே, அது சரியாக வெட்டப்படாவிட்டால் கூரான தண்டு தோலைக் குத்தும். குத்தும் இடத்தைப் பறவை கடிக்கும். கடிக்கக் கடிக்கப் பழக்கமாகிவிடும்.

பேன், உண்ணி என்பது எல்லாரும் முதலில் சொல்லும் காரணம். உண்மையில், வீட்டுக்குள் தனியே வளரும் காக்கட்டீல் இறகு பிடுங்குவதற்கு உண்ணி அபூர்வமாகத்தான் காரணமாக இருக்கிறது. கடையில் விற்கும் தெளிப்பு மருந்தைச் சோதனை இல்லாமல் அடித்தால், எரிச்சலடைந்த தோல் மேலும் எரியும். அலகால் இறகைக் கோதும்போது மருந்து வயிற்றுக்குள்ளும் போகும்.

வீட்டுக் காற்றைக் கவனியுங்கள்

பறவையின் மூச்சு உறுப்புகள் நம்முடையதைப் போன்றவை அல்ல. நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்து, ஒவ்வொரு மூச்சிலும் காற்றை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளும் அமைப்பு அது. அதனால் காற்றில் கலந்த நஞ்சும் நம்மைவிட விரைவாக அதைத் தாக்கும்.

நம் வீடுகளில் என்னென்ன புகை என்று எண்ணிப் பாருங்கள். கொசுவர்த்திச் சுருள், சிகரெட், வாசனைத் தெளிப்பான், சமையலறைத் தாளிப்பு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. வெளியே டிங்கிக்காக அடிக்கும் புகை. 2015, 2019ஆம் ஆண்டுகளில் நாட்டை மூடிய புகைமூட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். இவையெல்லாம் தோலையும் மூச்சையும் உறுத்தும். சிகரெட் பிடித்த கையோடு பறவையைத் தூக்கினால், விரலில் ஒட்டிய நிக்கோட்டின் அதன் இறகிலும் காலிலும் ஒட்டும். ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டி அடுப்பில் அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் புகை, பறவையைச் சில நிமிடங்களில் கொன்றேவிடும். ஆகவே கூண்டைச் சமையலறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சாம்பிராணி போடும் நாளில் பறவையை வேறு அறைக்கு மாற்றிக் கதவை மூடுங்கள், புகை போன பிறகு கொண்டு வாருங்கள். வழிபாட்டை நிறுத்த வேண்டியதில்லை.

குளிர்சாதன அறையில் காற்று வறண்டுபோகும். அங்கேயே நாள் முழுதும் இருக்கும் பறவைக்குத் தோல் அரிக்கும். வாரத்தில் சில நாள், காலை வேளையில், ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள், அல்லது மென்மையான சாரலாகத் தெளியுங்கள். மாலைக்குள் இறகு காய்ந்துவிட வேண்டும்.

கிண்ணத்தில் என்ன இருக்கிறது?

“என் பறவை சூரியகாந்தி விதையைத் தவிர வேறெதையும் தொடாது” என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். பிள்ளை கெந்தாங் கோரெங்கைத் தவிர வேறெதுவும் சாப்பிடாது என்று பெருமைப்படுவோமா? விதை மட்டுமே தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து ஆகியவை குறையும், கொழுப்பு கூடும். வைட்டமின் ஏ குறைந்தால் தோல் வறளும், இறகு தரம் கெடும், நோய் எதிர்க்கும் சக்தியும் தளரும்.

காக்கட்டீலுக்கென்று செய்த உருண்டைத் தீவனம் கடைகளில் கிடைக்கிறது. அதோடு கேரட், பரங்கிக்காய், சாவிக் கீரை போன்றவற்றை நன்றாகக் கழுவிச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். ஒரே நாளில் விதையை நிறுத்திவிடாதீர்கள். புதிய உணவை உணவென்றே அறியாமல் பட்டினி கிடக்கும் பறவைகள் உண்டு. வாரக்கணக்கில் மெல்ல மாற்றுங்கள். வெண்ணெய்ப் பழம், சாக்லெட், காப்பி, உப்பிட்ட நொறுக்குத் தீனி ஆகியவை அறவே கூடாது.

வேலையில்லாத அலகு

உடலில் நோய் இல்லை, காற்றும் உணவும் சரி என்றால், அப்போது பறவையின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். இளம் அமேசான் கிளிகளில் ஒரு பகுதிக்கு வெறும் கூண்டும் கிண்ணத்தில் உணவும் கொடுத்தார்கள். மற்றொரு பகுதிக்கு உணவைத் தேடி, கிளறி, பிரித்து எடுக்கும்படியான அமைப்புகளும், ஏறி விளையாடப் பொருள்களும் கொடுத்தார்கள். வெறும் கூண்டில் இருந்த கிளிகளின் இறகு கெட்டது. வேலை இருந்த கிளிகளின் இறகு நன்றாக இருந்தது. பிறகு முதல் பகுதிக்கும் அதே அமைப்புகளைக் கொடுத்தபோது, அவற்றின் இறகும் தேறத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டில் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பல கிளி இனங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. காட்டில் உணவை உரித்து, உடைத்து, மெனக்கெட்டுத் தின்னும் இனங்களே கூண்டில் இறகை அதிகம் கெடுத்துக்கொள்கின்றன என்று அது காட்டியது.

இதன் பொருள் என்ன? அலகுக்கு வேலை வேண்டும். வேலை இல்லாத அலகு தன் உடலையே வேலையாக்கிக்கொள்ளும்!

இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. உணவில் ஒரு பங்கைச் சுத்தமான வெள்ளைத் தாளில் பொட்டலமாகக் கட்டிக் கூண்டில் மாட்டுங்கள். தினைக் கதிரை ஒரே இடத்தில் வைக்காமல் ஒளித்து வையுங்கள். நோன்புப் பெருநாளுக்குத் தென்னங்குருத்தில் பின்னும் கெத்துப்பாட் கூடு இருக்கிறதே, சாயமில்லாத வெறுங்கூட்டை உள்ளே கட்டினால் பொழுதெல்லாம் பிரித்துக்கொண்டிருக்கும். வழவழப்பான பிளாஸ்டிக் கம்புக்குப் பதிலாக, பூச்சிமருந்து அடிக்காத கொய்யாக் கிளையைக் கழுவிக் காயவைத்துப் பொருத்துங்கள். பட்டையை உரிப்பதே அதற்கு ஒரு நாள் வேலை.

இனித் தூக்கம். நம் நாட்டில் ஆண்டு முழுதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். ஆனால் வீட்டில் நமக்கு நள்ளிரவு வரை பகல்! தொலைக்காட்சி ஓடும், விளக்கு எரியும், பறவை கூடத்தின் மூலையில் விழித்திருக்கும். அதற்கு 10 முதல் 12 மணி நேர அமைதியான இருட்டு வேண்டும். இரவில் திடுக்கிட்டு விழித்துக் கூண்டெல்லாம் மோதிக்கொள்வது காக்கட்டீலுக்கு உள்ள குணம். தீபாவளி, சீனப் புத்தாண்டு வெடிச் சத்தத்தில் இது அதிகம் நடக்கும். மங்கலான சிறு விளக்கு ஒன்று எரியட்டும். திடுக்கிட்டாலும் கம்பு எங்கே என்று அதற்குத் தெரியும்.

மற்றொன்று, கொஞ்சும் முறை. பறவையின் தலையையும் கழுத்தையும் மட்டும் வருடுங்கள். முதுகையும் வாலடியையும் வருடினால், அது உங்களைத் துணையாக எண்ணி இனப்பெருக்க உணர்வுக்கு ஆளாகும். கண்ணாடியும், இருட்டான சிறு பெட்டியும், நீண்ட வெளிச்சமும் அதே உணர்வைத் தூண்டும். தணிக்க வழியில்லாத அந்த உணர்வும் இறகு பிடுங்க ஒரு காரணம்.

செய்யக் கூடாதவை

அலகில் தட்டாதீர்கள், திட்டாதீர்கள். இறகு பிடுங்குவது தவறு என்று பறவைக்குத் தெரியாது. கை வந்தால் வலிக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளும். சில பறவைகள், பிடுங்கினால் ஆள் ஓடி வருகிறார் என்று கற்றுக்கொண்டு மேலும் பிடுங்கும். பிடுங்கும்போது பதறி ஓடாமல், அமைதியாக இருக்கும்போது பக்கத்தில் போய்ப் பேசுங்கள்.

வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய், மஞ்சள் குழம்பு, தைலம் எதையும் பூசாதீர்கள். எண்ணெய் பட்ட இறகு உடல் சூட்டைக் காக்காது. குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாகக் களிம்பு பறவை நக்கினால் நஞ்சு. மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பது அதனினும் ஆபத்து. கழுத்தில் மாட்டும் காப்பு வளையத்தை நீங்களே செய்து மாட்டாதீர்கள். பறவை தன் தசையையே கடித்துப் புண்ணாக்கும் நிலையில், மருத்துவர் சொன்னால் மட்டுமே அது.

மருத்துவரிடம் போகும்போது

பறவை தன் நோயை மறைக்கும் பிராணி. கூட்டத்தில் பலவீனம் காட்டினால் பருந்துக்கு இரையாகிவிடும் என்பது அதன் இயல்பில் ஊறியது. வெளியே தெரியும் அளவுக்கு வந்துவிட்டால், உள்ளே பல நாள் நடந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். சமையலறை மின்தராசில் வாரம் ஒரு முறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். 90 கிராம் பறவை 9 கிராம் இழந்தால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. அது அவசரம்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை. தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். செர்டாங்கில் உள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவமனை போன்ற இடங்களிலும் விசாரிக்கலாம். போகும்போது அன்று காலை இட்ட எச்சம், பிடுங்கிய இறகுகள், கொடுக்கும் தீவனத்தில் கொஞ்சம், எடைக் குறிப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கூண்டையும் அது இருக்கும் இடத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, அப்போது வீட்டில் என்ன மாறியது என்பதையும் சொல்லுங்கள்.

இரத்தம் வந்தால் காத்திருக்க வேண்டாம். 90 கிராம் பறவையின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஏறத்தாழ 9 மில்லிலிட்டர், இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு. சுத்தமான துணியால் மெல்ல அழுத்திப் பிடித்தபடி உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது?

இப்போது கடிதத்தின் இரண்டாம் கேள்வி. இந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது பாருங்கள். அண்ணன் ஜொகூருக்குப் போனார். பறவையோடு பேசி விளையாடிய ஒருவர் திடீரென்று இல்லை. அதன் கணக்கில் கூட்டத்தில் ஒருவர் காணாமல் போய்விட்டார். பெரியம்மாவின் கணக்கிலும் அப்படித்தான். இழந்தது இருவரும். ஒன்று இறகைப் பிடுங்குகிறது, மற்றவர் அதைப் பார்த்துத் தம்மையே நொந்துகொள்கிறார். பறவையின் குறை நோயா, பிரிவா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். பெரியம்மாவின் மனம் நமக்கே புரிகிறது.

ஆகவே “நீங்கள் சரியாக வளர்க்கவில்லை” என்று பொருள்படும் எந்த வார்த்தையும் வேண்டாம். “பெரியம்மா, நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வதால்தான் நான்கு வருடம் நன்றாக இருந்தது. இப்போது அதற்கு ஏதோ வலி இருக்கிறது போலத் தெரிகிறது. நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்கு விவரம் புரியும், நான் காரில் அழைத்துப் போகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். குற்றவாளியாக நிறுத்தாமல், விவரம் தெரிந்தவராக முன்னே வையுங்கள். 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் வளர்ப்பவரின் கடமைகளைச் சொல்கிறதுதான். ஆனால் ஒரு பெரியவரிடம் சட்டம் பேசினால் கதவு மூடிக்கொள்ளும்.

சொல்வதோடு நிற்காதீர்கள். மருத்துவச் செலவில் பங்கெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்க் கூண்டைக் கழுவிக் கொடுங்கள். தாள் பொட்டலம் கட்டும் வேலையைப் பெரியம்மாவோடு உட்கார்ந்து செய்யுங்கள். அண்ணன் இரவில் தொலைபேசியில் அழைக்கும்போது, பறவையிடமும் இரண்டு வார்த்தை சீழ்க்கையடிக்கச் சொல்லுங்கள். பறவைக்குப் பலன் இருக்கிறதோ இல்லையோ, பெரியம்மா சிரிப்பார்!

நேயர் கேள்விகள்

கேள்வி: துணைக்கு இன்னொரு பறவை வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதல் பறவைக்கு நோய் இருந்தால் புதியதற்கும் தொற்றும், புதியதிடமிருந்து இதற்கும் தொற்றலாம். வாங்கினாலும் குறைந்தது ஒரு மாதம் தனி அறையில் தனிக் கூண்டில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும் என்று உறுதியும் இல்லை. ஒன்று மற்றதன் இறகைப் பிடுங்கத் தொடங்கிய வீடுகளும் உண்டு.

கேள்வி: என்னிடம் உள்ளது வெளிர்மஞ்சள் நிறக் காக்கட்டீல். கொண்டைக்குப் பின்னால் வட்டமாக வழுக்கை. இதுவும் அதுதானா?

பதில்: பெரும்பாலும் இல்லை. லுட்டினோ எனப்படும் அந்நிறப் பறவைகளில் பலவற்றுக்குப் பிறவியிலேயே அவ்விடத்தில் இறகு குறைவு. பரம்பரையாக வருவது. வழுக்கை பெரிதாகிக்கொண்டே போனால் மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: இந்நோய் மனிதருக்கு ஒட்டுமா?

பதில்: இறகு பிடுங்கும் பழக்கம் ஒட்டாது. ஆனால் கிளி இனப் பறவைகளிடமிருந்து சிட்டகோசிஸ் என்னும் காய்ச்சல் மனிதருக்கு வரக்கூடும். காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பதால் வருவது. கூண்டைக் கழுவும்போது எச்சத்தை நனைத்துவிட்டுத் துடையுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள். பறவை வளர்ப்பவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால், வீட்டில் பறவை இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காக்கட்டீல் இறகில் மாவு போன்ற தூளும் அதிகம். ஆஸ்துமா உள்ளவர் படுக்கையறையில் கூண்டு வேண்டாம்.

கேள்வி: கூண்டில் துன்பப்படுவதைவிடத் திறந்து விட்டுவிடுவது புண்ணியம் இல்லையா?

பதில்: எண்ணம் நல்லது, செயல் கொடுமை. இது நம் காட்டுப் பறவை அன்று. கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்தது. இங்கே உணவு தேடத் தெரியாது, காக்கைக்கும் பூனைக்கும் தப்பத் தெரியாது. வளர்க்க இயலாவிட்டால், பறவை வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதே புண்ணியம்.

எவ்வளவு நாளில் சரியாகும்?

எல்லாரும் கேட்பது இதைத்தான். நோய் காரணமாக இருந்து, சீக்கிரம் கண்டுபிடித்தால், புதிய இறகு சில வாரங்களில் முளைக்கத் தொடங்கும். பல மாதங்கள் பிடுங்கிப் பழகிய பறவைக்கு நாளாகும். திரும்பத் திரும்பப் பிடுங்கிய இடத்தில் இறகின் வேர்ப்பை கெட்டுவிட்டால், அங்கே மீண்டும் முளைக்காமலே போகலாம். அதனால்தான் “பார்ப்போம், பார்ப்போம்” என்று நாளைக் கடத்த வேண்டாம் என்கிறோம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதலில் மருத்துவர். அடுத்த வாரம் தூக்க நேரம். அதற்கடுத்த வாரம் குளியலும் அலகுக்கு வேலையும். பிறகு உணவு. ஒவ்வொன்றுக்கும் தேதியிட்டுக் குறித்து வைத்தால், எது பலன் தந்தது என்று தெரியும். இறகு முழுதும் வராமல் போனாலும், பறவை தின்கிறதா, எடை நிற்கிறதா, காலையில் சீழ்க்கையடிக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சில் நான்கு இறகு குறைந்த பறவையும் நிம்மதியாக வாழ முடியும்.

வாயில்லாப் பிராணி என்று சொல்கிறோம். வாய் இல்லாவிட்டாலும் அது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. கூண்டின் அடியில் விழும் ஒவ்வோர் இறகும் நம்மிடம் வரும் ஒரு புகார்க் கடிதம். அதைப் பெருக்கிக் குப்பையில் போடுமுன், என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை படித்துப் பாருங்கள்.